வீட்டு ஒலிபெருக்கியில் எழும் உறுமல்: காரணமும் பரிகாரமும்

சாரல் காலத்தில் ஒரு நாள், வீட்டுத் திட்டப் பணிகளைப் பார்வையிடும் பொருட்டு, தென்காசிக்கு அணித்தேயுள்ள குத்துக்கல்வலசைக்கு நாம் சென்றிருந்தோம். பணி முடிந்து திரும்புங்கால் பெரியவர் ஒருவர் தம் இல்லத்துக்கு வந்து காப்பி அருந்திச் செல்ல வேண்டுமென வற்புறுத்தினார். அவர் பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், சங்கீதப் பிரியர். கூடத்தில் இரும்புத் தகட்டு உறையிட்ட ஆம்ப்ளிபயர் ஒன்றும், இரண்டு மர ஸ்பீக்கர்களும், அவற்றோடு இணைக்கப்பட்ட தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தன. நாதஸ்வர இசையைச் சிறிது நேரம் கேட்பித்தார். வாசிப்பு நின்ற இடைவெளியிலும் வேண்டாத ஓசை ஏதும் இல்லை. அதனைப் பாராட்டினோம்.

"முன்பெல்லாம் இப்படி இல்லை, ஐயா. வண்டு குடைவதுபோல் ஓயாமல் உறுமிக்கொண்டே இருக்கும். பழுது பார்க்கும் தம்பி ஒருவர் வந்து ஐந்தே நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தார். ஆனால் மழை பிடித்தது முதல் பெட்டியைத் தொட்டால் விரலில் சுள்ளென்கிறது, அது மட்டும் ஏனென்று தெரியவில்லை" என்றார் பெரியவர்.

எவ்விதம் சரிசெய்தார் என வினவினோம். ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கை உருவிக் காட்டினார். மூன்று முளைகள் இருக்கவேண்டிய அந்தப் பிளக்கில் மேல் முளை இல்லை. அடியோடு அறுத்து எடுத்திருந்தார்கள்.

அன்று காப்பி தொண்டையில் இறங்கவில்லை. பெரியவருடைய பேத்தி, நான்கு வயதிருக்கும், வெறுங்காலுடன் ஈரச் சிமிட்டித் தரையில் அந்தப் பெட்டியருகே விளையாடிக்கொண்டிருந்தாள். வயர்மேன் வந்து பார்க்கும்வரை அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கலாகாது என்று சொல்லிவிட்டு வந்தோம். பின்னர் வேறு ஊர்களில் விசாரித்ததில், இந்த ஐந்து நிமிஷ வைத்தியம் இன்னும் சில வீடுகளிலும் நடந்திருப்பது தெரிய வந்தது. உறுமலின் காரணத்தை முறையாக ஆராய்ந்தால் பெரும்பாலும் செலவின்றியே அதனை நீக்கலாம். மேல் முளையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. கல்லூரியில் பௌதிகம் கற்றதைக் கொண்டும், அனுபவமுள்ள வயர்மேன்களிடமும் ரேடியோ மெக்கானிக்குகளிடமும் கேட்டறிந்ததைக் கொண்டும் அதனை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

மின்சாரம் வருவதற்கு முன் நம் கிராமங்களில் வானொலிப் பெட்டிகள் பாட்டரியில் ஓடின. அவற்றில் கரகரப்பு உண்டு, விசில் உண்டு, ஆனால் இந்த உறுமல் கிடையாது. பாட்டரி தரும் மின்சாரம் ஒரே திசையில் சீராகச் செல்வது. கம்பிவழி வருவதோ மாறு மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், நம் பக்கத்துப் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-லும் இயங்கத் தொடங்கின. அணையிலிருந்து வந்தாலும் காற்றாலையிலிருந்து வந்தாலும், நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடுகின்றது. அமெரிக்காவில் 60 முறை. ஆதலின் அங்குள்ள பெட்டிகளின் உறுமல் நம்முடையதைவிடச் சற்று மேல் ஸ்தாயியில் இருக்கும். உறுமல் என்பது வேறொன்றுமன்று. இந்த ஊசலாட்டம் இசை செல்லும் பாதையில் எங்கோ புகுந்து, பெருக்கப்பட்டு, ஸ்பீக்கர் வழியே நம் காதுக்கு வருவதே ஆகும். எங்கே புகுந்தது என்பதைக் கண்டுபிடித்தால் வேலையில் பாதி முடிந்தது.

ஆம்ப்ளிபயரின் உட்பகுதிகள் நேர் மின்சாரத்தில் இயங்குபவை. ஆகவே டிரான்ஸ்பார்மர் மின் அழுத்தத்தைக் குறைக்கின்றது. டயோடுகள் ஊசலாட்டத்தை ஒரு திசைப்படுத்துகின்றன. அதற்குப் பின்னும் மின்சாரம் அலை அலையாகவே, விநாடிக்கு 100 முறை விம்மி விம்மி வருகின்றது. இந்த விம்மலைச் சமன் செய்வது பில்டர் கண்டென்ஸர் எனப்படும் உருளை வடிவப் பாகம். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் தொட்டி நிறைந்திருக்குமாயின் குழாயில் நீர் ஒரே சீராக வரும். தொட்டி வெடித்து நீர் தங்காமற் போனாலோ, மோட்டாரின் ஒவ்வொரு தள்ளலும் குழாயில் தெரியும். கண்டென்ஸரும் அத்தகையதே. அதனுள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல வெப்பத்தால் உலர்ந்துபோகும். அப்போது விநாடிக்கு 100 முறை என்னும் அந்த விம்மல் அப்படியே ஸ்பீக்கருக்குச் சென்றுவிடுகின்றது.

உறுமலின் பிறப்பிடத்தை அறிய, கருவி ஏதுமின்றி யாவரும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. பாட்டு எதையும் வைக்காமல் பெட்டியை இயக்கி, ஒலியளவுக் குமிழை முழுவதும் குறைத்து விட்டுக் கேட்க வேண்டும். குமிழைத் திருப்பியும் உறுமல் கூடாமலும் குறையாமலும் ஒரே அளவில் நிற்குமாயின், குற்றம் குமிழுக்குப் பின்னால், அதாவது பெரும்பாலும் பில்டர் கண்டென்ஸரில் இருக்கின்றது. குமிழைக் குறைத்தவுடன் உறுமலும் குறைந்து மறையுமாயின், அது வெளியிலிருந்து உள்ளே வருகின்றது; கண்டென்ஸரைக் குறை கூறிப் பயனில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பெட்டியைக் கடைக்குச் சுமந்து சென்று, நல்ல நிலையிலுள்ள பாகங்களையெல்லாம் மாற்றிப் பணத்தைப் போக்கியவர்கள் பலர்.

இரண்டாவது சோதனை: உறுமல் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கேட்குமாயின், பெட்டியை அணைத்துவிட்டுப் பின்புறம் செருகியுள்ள இடம் வலம் ஆகிய இரண்டு ஒலிக்கம்பிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகி, மறுபடி இயக்கிக் கேட்க வேண்டும். உறுமல் மற்ற ஸ்பீக்கருக்குத் தாவினால் குற்றம் கம்பியில் அல்லது அதற்கு முன்னுள்ள கருவியில். தாவாமல் பழைய இடத்திலேயே நின்றால் ஆம்ப்ளிபயரில்.

சிற்சில பெட்டிகளில் ஸ்பீக்கர்க் கம்பியைக் கழற்றிய பின்னும் பெட்டியே முனகும். அது டிரான்ஸ்பார்மரின் தகடுகள் அதிர்வதால் வருவது. திருகுகளை இறுக்கி, பெட்டியின் அடியில் ரப்பர்த் துண்டுகள் வைத்தால் அடங்கும். டிரான்ஸ்பார்மர் அளவுக்கு மீறிச் சூடேறாத வரையில் அஞ்ச வேண்டியதில்லை.

குற்றம் கண்டென்ஸரில்தான் என்று தெரிந்தால் அதை மெக்கானிக்கிடம் விடுவதே முறை. பழைய கண்டென்ஸரின் தலைப்பகுதி உப்பியிருந்தாலோ, அடியில் கசிவு காணப்பட்டாலோ அது முடிந்துவிட்டது என்று அறியலாம். புதியதை மாற்றும்போது கொள்ளளவு பழையதற்கு ஒத்ததாகவும், தாங்கக்கூடிய வோல்ட் அளவு பழையதற்குக் குறையாததாகவும் இருத்தல் வேண்டும். 35 வோல்ட் உள்ள இடத்தில் 50 வோல்ட் கண்டென்ஸரைப் போடலாம். 25 வோல்ட் கண்டென்ஸரைப் போடலாகாது. நேர்முனை, எதிர்முனை மாறினால் வெடிக்கும்.

இனி, குமிழைக் குறைத்தால் குறையும் உறுமலைப் பார்ப்போம். நம் வட்டாரத்து வீடுகளில் பெரும்பான்மை இதுவே என்பது நாம் கேட்டறிந்தது. தொலைக்காட்சி, செல்பேசி முதலியவற்றிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு வரும் ஒலிச் சமிக்ஞையின் அளவு ஏறக்குறைய ஒரு வோல்ட் அல்லது அதற்கும் குறைவு. மைக்கிலிருந்து வருவதோ வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. இவ்வளவு நுண்ணியதைப் பல மடங்கு பெருக்கும் பெட்டிக்குள் உறுமலின் மிகச் சிறு துளி விழுந்தாலும் அதுவும் அவ்வாறே பெருகும். ஆகையால்தான் ஒலிக்கம்பியில் நடுவே ஒரு மெல்லிய கம்பியும் அதைச் சுற்றிலும் வலைபோல் பின்னிய ஷீல்டும் அமைத்திருக்கின்றார்கள். சுவரிலும் தரையிலும் ஓடும் மின்கம்பிகளின் பாதிப்பை அந்த வலை தாங்கிக்கொள்ளும். வலை ஓரிடத்தில் அறுந்தாலும், பிளக்கினுள் அதன் பற்றுவைப்பு விட்டுப்போனாலும், உறுமல் பெரும் ஓசையுடன் எழும். கம்பியை விரலால் அசைத்தால் உறுமல் கூடிக் குறையுமாயின் இதுவே காரணம். புதுக் கம்பி வாங்குவது பெரிய செலவன்று.

குற்றாலச் சாரல் நமக்குக் கிடைத்த வரமே என்றாலும் பெட்டிகளுக்கு அது பகை. ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று வீட்டுக்குள்ளும் புகுந்து, ஒலிக்கம்பிகளின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடுகின்றது. அந்தக் களிம்பு ஷீல்டின் தொடர்பைக் கெடுக்கும். ஆண்டு முழுவதும் ஒழுங்காகப் பாடிய பெட்டி சாரல் தொடங்கியதும் உறுமத் தொடங்குகின்றது என்றால், முதலில் எல்லா முனைகளையும் உருவி, உலர்ந்த துணியால் அழுந்தத் துடைத்து, நான்கைந்து முறை செருகி எடுத்து, மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை அணைத்த பின்னரே இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒலிக்கம்பியையும் மின்கம்பியையும் ஒரே கட்டாகச் சுருட்டி நாடா போட்டுக் கட்டிவைப்பது பார்வைக்கு அழகுதான். ஆனால் உறுமலுக்கு அது வாசல். இரண்டையும் விலக்கிப் போடுக. எதிர்ப்பட்டே ஆகவேண்டுமானால் கூட்டல் குறிபோல் குறுக்காகக் கடக்கச் செய்க. பழைய டேப் ரெக்கார்டரையோ கிராமபோன் தட்டுச் சுழலியையோ ஆம்ப்ளிபயரின் தலைமீது ஏற்றி வைப்பதும் இவ்வாறே. டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அவற்றில் பாயும். ஒரு முழம் தள்ளி வைத்தால் ஓசை பாதியாகக் குறைவதைக் கேட்கலாம்.

செல்பேசியை இணைத்துப் பாட்டுக் கேட்கும் இளைஞர்கள், அது சார்ஜரில் இருக்கும்போது மட்டும் ரீங்காரம் வருவதைக் கண்டிருப்பார்கள். சார்ஜரை உருவினால் நிற்கும். மலிவான சார்ஜர்களில் இது மிகுதி. பாட்டரியிலேயே கேட்பது, அல்லது வேறு சார்ஜர் வாங்குவது, இவ்விரண்டுமே வழி. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மின்தடையின்போது மட்டும் ரீங்காரம் எழுவதும் உண்டு. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தரும் மின்னலை வளைவாக இல்லாமல் சதுரமாக, படிக்கட்டு இறங்குவதுபோல் இருப்பதே அதன் காரணம், ஆம்ப்ளிபயரில் குற்றமில்லை.

இவையெல்லாம் எளியவை. குத்துக்கல்வலசைப் பெரியவரின் வீட்டில் நிகழ்ந்தது இவற்றினும் சற்று நுட்பமானது. மெக்கானிக்குகள் இதனை எர்த் லூப் என்பார்கள். அவருடைய ஆம்ப்ளிபயருக்கு மூன்று முளைப் பிளக் வழியாக வீட்டின் எர்த் இணைப்பு இருந்தது. மாடியில் டி.டி.எச். தட்டு ஒன்று இரும்புத் தூணில் நின்றது. அந்தத் தூண் நனைந்த தளத்தின் வழியே தனியாக மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. தட்டிலிருந்து வரும் கம்பியின் மேல்வலை செட்-டாப் பெட்டிக்கும், அங்கிருந்து தொலைக்காட்சிக்கும், அங்கிருந்து ஒலிக்கம்பி வழியே ஆம்ப்ளிபயருக்கும் வந்து சேர்ந்தது. ஆக, ஒரே பெட்டி இரண்டு இடங்களில் பூமியோடு சேர்ந்துவிட்டது.

அதனால் என்ன? பூமி எங்கும் ஒன்றுதானே எனலாம். அவ்வாறு அன்று. ஒரே தோட்டத்தில் இரண்டு கிணறுகள் இருந்தாலும் இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் ஒரு குழாயால் இணைத்தால் மட்டம் உயர்ந்த கிணற்றிலிருந்து தாழ்ந்த கிணற்றுக்கு நீர் ஓடும். அதுபோல, இரண்டு எர்த் இடங்களுக்கிடையே சிறு மின் அழுத்த வேற்றுமை எப்போதும் இருக்கின்றது. இரண்டையும் ஒலிக்கம்பியின் வலை இணைக்கும்போது அதில் மின்னோட்டம் பாய்கின்றது. அது விநாடிக்கு 50 முறை ஊசலாடும் ஓட்டமாதலின் உறுமலாகக் கேட்கின்றது. கம்பியில் பழுதில்லை, பெட்டியில் பழுதில்லை, கண்டென்ஸரில் பழுதில்லை. இணைத்த முறையில்தான் பழுது.

இதனைக் கண்டறிவது எளிது. டி.டி.எச். அல்லது கேபிள் கம்பியைச் செட்-டாப் பெட்டியிலிருந்து கழற்றியவுடன் உறுமல் நின்றால், லூப் அதன் வழியே வருகின்றது என்பது உறுதி. கம்ப்யூட்டரை இணைத்திருந்தால் அதையும் இவ்வாறே கழற்றிப் பார்க்கலாம். பரிகாரமும் கடினமன்று. ஒலி தொடர்பான எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தைத் தரமான ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்தால், அவற்றின் எர்த் ஒரே இடத்தில் சேர்வதால் பல வீடுகளில் உறுமல் அடங்கிவிடும். அதிலும் அடங்காவிடில், ஒலிக்கம்பியின் நடுவே சிறு ஆடியோ டிரான்ஸ்பார்மர் பொருத்திய தடுப்பு ஒன்றை இணைக்கலாம். இசை காந்தப்புலத்தின் வழியே கடக்கும்; இரு பக்கங்களுக்கும் கம்பித் தொடர்பு இல்லாமையால் எர்த் ஓட்டம் கடவாது. ரேடியோ சாமான்கள் விற்கும் கடைகளில் இது கிடைக்கின்றது.

ஆனால் லூப்பை உடைக்க இன்னொரு வழியும் இருக்கின்றது. அதுவே பிளக்கின் மேல் முளையை அறுப்பது. இரண்டு எர்த்துகளில் ஒன்று போய்விடுவதால் உறுமல் உடனே நிற்கும்; செய்தவருக்கும் கெட்டிக்காரர் என்ற பெயர் கிடைக்கும். இஃது எவ்வளவு கொடிய வைத்தியம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது.

பிளக்கில் மூன்று முளைகளுள் மேல் முளை மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியில் விடவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்திருக்கின்றார்கள். பெட்டியின் இரும்பு உறை இந்த முளையோடு இணைந்திருக்கின்றது. உள்ளே டிரான்ஸ்பார்மர்ச் சுருளின் காப்பு கெட்டு, 230 வோல்ட் மின்சாரம் உறையில் பட்டுவிட்டது என வைத்துக்கொள்வோம். எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியே பாய்ந்து பியூஸை எரித்துவிடும், அல்லது தடுப்பான் விழும்; பெட்டி நின்றுபோகும்; அவ்வளவே. எர்த் இல்லையெனில் உறை மின்சாரம் ஏறியபடியே காத்திருக்கும். பெட்டி பாடிக்கொண்டுதான் இருக்கும். அதைத் தொடுபவரே எர்த் ஆகின்றார். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அதில் 230 மில்லி ஆம்பியர் செலுத்தும். உயிர்காக்கும் தடுப்பான்களை 30 மில்லி ஆம்பியரிலேயே விழுமாறு அமைத்திருக்கின்றார்கள் என்றால், 230 என்ன செய்யும் என்பதைக் கூற வேண்டுவதில்லை.

இதில் வேறோர் ஆபத்தும் மறைந்திருக்கின்றது. மேல் முளை போனபின், உறையில் ஏறிய மின்சாரம் ஒலிக்கம்பியின் வலை வழியே தொலைக்காட்சிக்கும், டி.டி.எச். கம்பி வழியே மாடித் தூணுக்கும் செல்லும். தூணின் பக்கத்தில்தான் நம் வீடுகளில் துணி உலர்த்தும் கொடி கட்டியிருக்கும். கீழே பாட்டுக் கேட்பவர் ஒருவர். மாடியில் ஈரத்துணியும் ஈரக்கையுமாகத் தூணைப் பற்றுபவர் இன்னொருவர். பெட்டியின் குற்றம் வேறொருவரின் கையில் போய் முடியும்.

விரலில் சுள்ளென்றால் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது வழக்கம். டெஸ்டர் எரிவதைக்கொண்டு மட்டும் தீர்மானித்தல் கூடாது. இரண்டு முளைப் பிளக்கோடு வரும் சில தொலைக்காட்சிகளிலும் சார்ஜர்களிலும் இயல்பாகவே மிகச் சிறு கசிவு இருப்பதுண்டு. அங்கும் டெஸ்டர் மங்கலாக எரியும். ஆனால் மூன்று முளைப் பிளக் உடைய இரும்பு உறைப் பெட்டி சுள்ளென்றால், எர்த் எங்கோ அறுந்திருக்கின்றது என்பதில் ஐயமில்லை. உடனே அணைத்து, பிளக்கை உருவி, வயர்மேனை அழைக்க வேண்டும். கையால் உறையைத் தொடும்போது உறுமல் குறைவதும் அதே குறைபாட்டின் அறிகுறியாகும். அது பெட்டியின் நட்பன்று. உங்கள் உடலை அது எர்த்தாகப் பயன்படுத்திக்கொள்கின்றது.

பிளக்கில் மூன்று முளை இருந்தும் வீட்டில் எர்த்தே இல்லாதிருத்தல் நம் கிராமங்களில் அரிதன்று. சுவர்ப் பெட்டியில் மூன்று துளை இருக்கும். மேல் துளைக்குப் பின்னால் கம்பி இராது. கம்பி இருந்தாலும் கொல்லையிலுள்ள எர்த் குழி பல ஆண்டுகளாக நீரைக் கண்டிராது. கரியும் உப்பும் இட்டுப் புதைத்த அந்தக் குழாய் மண்ணோடு நல்ல தொடர்பு கொள்ள ஈரம் வேண்டும். சாரல் காலத்தில் இயற்கையே அதைப் பார்த்துக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் நாம் ஊற்ற வேண்டும். அரசுத் திட்டத்தில் வீடு கட்டுவோர், சுவருக்கு வர்ணம் பூசும் செலவைச் சிறிது குறைத்தேனும், எர்த் குழியையும், 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் தடுப்பானையும் அமைத்துக்கொள்ளுமாறு ஒவ்வொரு பார்வையீட்டின்போதும் நாம் சொல்லி வருகின்றோம். வர்ணத்தை அடுத்த பொங்கலுக்குப் பூசிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போது உறுமல் ஏறி, கூடவே உங்கள் வீட்டு விளக்குகளில் சில பிரகாசித்துச் சில மங்குமானால், அது பெட்டியின் சங்கதியே அன்று. நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கக்கூடும். கருவிகளை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். 2021-ல் தொடங்கப்பெற்ற மின்னகம் என்னும் புகார் மையத்துக்கு வீட்டிலிருந்தே தொலைபேசியில் சொல்லலாம்.

வானொலி கேட்போருக்கும் ஒரு வார்த்தை. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் தொடங்கிய நாள் முதல் இந்தப் பகுதியில் வீடுதோறும் கேட்கப்பட்டு வந்தது. மத்திய அலை வரிசையில் ரீங்காரம் கேட்குமானால் வானொலிப் பெட்டியைக் குறை கூறுமுன், அதைப் பாட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துக் கேளுங்கள். ரீங்காரம் நின்றால் காரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றது. ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் எல்.இ.டி. விளக்கோ, மின்விசிறியின் ரெகுலேட்டரோ, சார்ஜரோ அகப்படும். மெயினை அணைத்தும் நிற்காவிடில் அது தெருவிலிருந்தோ அடுத்த வீட்டிலிருந்தோ வருவது. அப்போது வானொலியை மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். அதனுள் இருக்கும் பெரைட் கோல் ஏரியல் ஒரு திசையில் மிகுதியாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வாங்கும் இயல்புடையது. நிலையம் தெளிவாகவும் ரீங்காரம் மங்கலாகவும் கேட்கும் கோணம் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். நிலையத்தைப் பிடித்திருக்கும்போது மட்டும் உறுமலும், முள்ளை நகர்த்தினால் அமைதியும் இருப்பதுண்டு. பிளக்கையும் கம்பியையும் சுவரோரத்திலிருந்து விலக்கி வைத்தால் அதுவும் ஓரளவு தணியும்.

பாட்டனார் காலத்து வால்வ் ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, ஆசையோடு மின்சாரம் கொடுக்க முற்படுவோர் உளர். அவற்றில் சிலவற்றின் சட்டம் நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கும். மரப்பெட்டியின் பின் அட்டையைக் கழற்றினால் கை நேரே மின்சாரத்தில்தான் படும். கண்டென்ஸர்கள் அணைத்த பின்னும் முந்நூறு வோல்ட்டுக்குக் குறையாமல் தேக்கி வைத்திருக்கக்கூடும். அவற்றின் உறுமலுக்கு உலர்ந்த கண்டென்ஸரே காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்; ஆயினும் பழைய வால்வ் வேலை அறிந்த மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடிக்கும்வரை அது கூடத்தில் அலங்காரமாகவே இருக்கட்டும்.

பெரியவர் வீட்டுக்கு மறுநாளே வயர்மேன் சென்றார். புதிய மூன்று முளைப் பிளக்கைப் பொருத்தி, மெயின் பலகையில் கசிவுத் தடுப்பானையும் அமைத்து ஸ்விட்சைப் போட்டதும் தடுப்பான் டப்பென்று விழுந்தது. மூன்று முறை போட்டும் மூன்று முறையும் விழுந்தது. பெட்டியைத் திறந்து பார்த்ததில், டிரான்ஸ்பார்மரின் முதற்சுருளில் காப்புக் காகிதம் ஈரம் ஏறிக் கருகியிருந்தது. டிரான்ஸ்பார்மரை மாற்றினார்கள். எதிர்பார்த்தபடியே பழைய உறுமல் திரும்பி வந்தது. பெரியவர் முகம் வாடிவிட்டதாக வயர்மேன் பின்னர் எம்மிடம் கூறினார். ஆம்ப்ளிபயருக்கும் தொலைக்காட்சிக்கும் செட்-டாப் பெட்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் முக்கால் பங்கு அடங்கியது. எஞ்சியதை ஆடியோ டிரான்ஸ்பார்மர்த் தடுப்பு வாங்கிப் போட்டு அடக்கினார்கள்.

சாரல் ஓய்ந்த பிறகு அவ்வழியே செல்ல நேர்ந்தபோது உள்ளே சென்று பார்த்தோம். ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டவைத்தால்தான் மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. அறுக்கப்பட்ட பழைய பிளக்கைப் பெரியவர் எறிந்துவிடாமல் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, அந்தத் தம்பி மறுபடி வந்தால் காட்டுவதற்கு என்றார்.